செவ்வாய்க்கிழமை விருந்தாளி

பரண்மேல் இருக்கிறது டின்னர் செட்.
பன்னிரண்டு தட்டு, ஓரத்தில் ஊதாப்பூ.
கல்யாணத்துக்கு வந்தது, அட்டைப்பெட்டி பிரிக்காமல்
போதகர் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறது.
ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர்களை அழைக்க நினைப்பேன்.
ஒவ்வொரு ஈஸ்டருக்கும்
கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது ஞாபகம் வரும்.
போன ஞாயிறு பிரசங்கத்தில்
வீட்டைத் திறந்து வையுங்கள் என்றார்.
கொசு வருமே என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவள் கோகிலவாணி.
குழுக்கடன் வசூலிக்கிற பெண்.
செவ்வாய் காலை ஏழரைக்கு
செஞ்சை முழுக்க அவள் ஸ்கூட்டிச் சத்தம் தெரியும்.
எங்கள் சந்தில் அதற்கு
இரண்டு கதவாவது சாத்திக்கொள்ளும்.
அன்றைக்கு நானும் சாத்தியிருப்பேன்.
அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

கானாடுகாத்தானில் ஹோட்டலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போன
சாலமோனுக்கு மூன்று வாரமாய்க் கூலி வரவில்லை.
தவணை எழுநூற்று இருபது.
"இல்லம்மா" என்றேன்.
"கட்டாம போக முடியாதுக்கா" என்றாள்.
கோபமில்லை. கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்வதுபோல.
குழுவில் மற்ற நாலு பேர்
எனக்காகக் கொஞ்சநேரம் நின்றார்கள்,
பிறகு என்னை முறைத்துவிட்டுப் போனார்கள்.
அவள் படியில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்து.

பத்து மணிக்குப் பாதிப் படி வெயில்.
பதினொன்றுக்கு முழுப் படியும்.
போனில் யாரோ ஏசிக்கொண்டிருந்தார்கள்.
"உக்காந்துதான் சார் இருக்கேன்" என்றாள்,
எழுந்து நின்றபடி.

சம்பை ஊற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு கொடுத்தேன்.
அண்ணாந்து குடித்தாள், பாதி கழுத்தில் போனது.
"உள்ள வா, ஒருவாய் சாப்பிடு."
"மெம்பர் வீட்ல எதுவும் வாங்கிச் சாப்பிடக்கூடாதுக்கா. ரூல்ஸ்."
"தண்ணி குடிச்சிட்டியே."
சிரித்துவிட்டாள். தெத்துப்பல்.

திங்கள் சந்தையில் வாங்கிய வெண்டைக்காய் மிச்சம் இருந்தது.
அரிசி களைந்த தண்ணீரை எடுத்து
மண்டி வைத்தேன்.
உலை கொதிக்கும்போது என்னையே கேட்டேன்:
இவளுக்குச் சோறு போடுகிறேனா,
தவணைக்கு நாள் வாங்குகிறேனா?
எத்தனை தடவை களைந்தாலும்
அரிசியில் ஒரு கல் கிடக்கும்.
கிடக்கட்டும் என்று வடித்தேன்.

பரணை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தேன்.
ஏணி பக்கத்து வீட்டில், பசி இங்கே.
தரையில் நாலு எவர்சில்வர் தட்டு.
அவளுக்கு வைத்தது பெனினா பேர் வெட்டியது,
விளிம்பு நெளிந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால்
கர்த்தர் கற்றுத்தந்த ஜெபம் சொல்வோம் நாங்கள்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பைமேலேயே வைத்துக்கொண்டாள்.
பரீட்சை லீவில் இருந்த பிள்ளைகள்
மனப்பாடத்தில் ஓடினார்கள்.
ஆகாரத்தைத் தாண்டி அடுத்த வரி வந்தது.
கடன் என்கிற சொல்.
கடனாளி என்கிற சொல்.
யார் யாருக்கு மன்னிப்பது என்கிற அந்த இடத்தில்
என் குரல் நின்றுவிட்டது.
ஜோயல் மட்டும் சத்தமாய்ச் சொல்லி முடித்தான்.
கண்ணைத் திறந்தால்
அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்,
காது சிவந்து.
"ஆமென்" என்றேன். "மண்டி ஆறுது, சாப்பிடு."

மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.
புதுவயலில் இருந்து வெறும் வயிற்றோடுதான் கிளம்புவாளாம்.
அவள் அம்மாவும் ஒரு குழுவில் இருக்கிறாளாம்.
வேறு கம்பெனி. புதன்கிழமை.
சொல்லிக்கொண்டே தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்,
வேண்டாமென்று நான் சொல்லச் சொல்ல.

மூன்று மணிக்குச் சாலமோன் வந்தார்,
மேஸ்திரியிடம் ஐந்நூறு வாங்கிக்கொண்டு.
மீதியை ராவியத்து கொடுத்தாள்.
சாத்திக்கொள்ளும் கதவுகளில் ஒன்று அவளுடையது.
கோகிலவாணி இரண்டு தரம் எண்ணினாள்,
அட்டையில் முத்திரை குத்தினாள்.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய், அதே ஏழரை, அதே சத்தம்.
பணத்தைக் கையில் மடித்துக்கொண்டு நின்றேன்.
படியேறி வந்தாள்.
செருப்பைக் கழற்றினாள்.
அப்புறம்தான் தவணையைக் கேட்டாள்.